இத்தாவுக்குப் பின் இன்னோர் இத்தா

கணவனை இழந்தவள் வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து திக்ரும் ஸலவாத்தும் ஓதிக்கொண்டிருக்க வேண்டியவள். அவள் அயல் மாநிலத்துக்குப் போய்ப் பனியில் விளையாடலாமா? 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேரளத்து மார்க்கச் சொற்பொழிவாளர் ஒருவர் மேடையேறிப் பேசியதன் சாரம் இதுதான். அவருடைய சினத்துக்கு ஆளானவர் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த, ஐம்பதைக் கடந்த ஒரு தாய். கணவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆனபின், தம் பெண்மக்களோடு இமயத்துச் சாரலில் உள்ள மணாலிக்குப் போனார். பனியை வாரி இறைத்துச் சிரித்தார். ஊரில் இருக்கும் தோழிமாரையும் வரச் சொல்லி விளையாட்டாகக் கூவினார். அந்தக் காட்சியைக் கைபேசியில் இலட்சக்கணக்கானோர் கண்டு மகிழ்ந்தனர். ஒருவருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. பொறுக்காதவரின் பேச்சும் அவ்வாறே ஊரெங்கும் பரவியது. தாய் மனம் நொந்து போனார் என்றும், விதவைக்கு உலகைக் காணும் உரிமை இல்லையா என்றும் மகள் பகிரங்கமாகக் கேட்க நேர்ந்தது.

அந்தச் சொற்பொழிவாளரோடு எனக்கு வழக்கு ஏதும் இல்லை. சொல்லப்போனால் அவருக்கு ஒரு வகையில் நன்றிகூடச் சொல்லலாம். நாமெல்லாம் திண்ணையில் அமர்ந்து தணிந்த குரலில் பேசுவதை அவர் ஒலிபெருக்கியில் பேசிவிட்டார், அவ்வளவே வேற்றுமை. அவர் பேச்சில் என்னை உறுத்திய சொல் ஒன்றே ஒன்று. அது ‘மூலை’ என்னும் சொல். திக்ரு நல்லது, ஸலவாத்து அதனினும் இனியது. ஆனால் அவற்றை ஓதுவதற்கு மூலை வேண்டும் என்று எந்த நூல் சொல்லிற்று? பனிமலையின் மேல் நின்றுகொண்டு ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்ல நாவு எழாதா? எனக்குத் தெரிந்தவரை அந்தச் சொல் தானாக எழும் இடங்களில் அதுவும் ஒன்று.

கேரளத்துச் செய்தியை நமக்கேன் எடுத்துச் சொல்கிறீர் என்று சென்னை அன்பர்கள் கேட்கலாம். சென்னையில், அதிலும் படித்தவர் வாழும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இத்தகைய மூலைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவே இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் மூலை மிக நாகரிகமானது. அதில் தொலைக்காட்சி உண்டு, குளிர்சாதனம் உண்டு, மகன் வாங்கித் தந்த கைபேசி உண்டு, நீரிழிவுக்கு மாத்திரை உண்டு. வெளியே போவதற்கு ஒரு காரணம் மட்டும் கிடையாது.

மார்க்கம் இது பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஏனெனில் மார்க்கத்தின் பெயரால்தான் வாயிற்கதவு சாத்தப்படுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வருவதற்கு முன் அரபு நாட்டில் கணவனை இழந்தவள் பட்ட பாட்டை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒரு சிறு குடிலுக்குள் புகுவாள், இருப்பதில் மட்டமான உடையை உடுத்துவாள், நறுமணம் தீண்டாள், ஓராண்டு முழுவதும் அப்படியே கிடப்பாள். அதன் பிறகே வெளியே வருவாள். இந்தக் கொடுமையைத்தான் இறைமறை நான்கு மாதம் பத்து நாள் எனச் சுருக்கிற்று. அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் தவணையைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. தவணை முடிந்தபின் அப்பெண்கள் தம் விஷயத்தில் நன்முறையில் செய்துகொள்வது எதுவாயினும் அதனால் உங்கள் மீது குற்றமில்லை என்று ஆண்களை நோக்கிச் சொல்கிறது. கவனிக்க வேண்டும்: ‘அவளுக்கு அனுமதி கொடுங்கள்’ என்று ஆண்களிடம் அது பரிந்துரைக்கவில்லை. ‘உங்கள் மீது குற்றமில்லை’ என்றுதான் சொல்கிறது. அதாவது, இனி இது உங்கள் கணக்கில் இல்லை. நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது பொருள்.

ஃபுரைஆ (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணியின் கணவர் கொலையுண்டபோது, தம் உறவினரிடம் போய்விடலாமா என்று அவர் நபிகளாரிடம் கேட்டார். தவணை முடியும்வரை உம் வீட்டிலேயே இருப்பீராக என்பது விடை. இந்த ஹதீஸை இத்தாவின் கடமைக்குச் சான்றாகக் காட்டுவோர் அனைவரும் ‘வீட்டிலேயே இருப்பீராக’ என்பதை அழுத்திச் சொல்லிவிட்டு, ‘தவணை முடியும்வரை’ என்பதை விழுங்கிவிடுகிறார்கள். எல்லை வகுத்த கட்டளையை எல்லையற்றதாக்கி விட்டோம். அறியாமைக் காலம் என்று நாம் இகழும் அந்தக் காலம்கூட ஓராண்டோடு அவளை விட்டது. நாம் நாற்பது ஆண்டு வைத்திருக்கிறோம்!

இதை எங்கிருந்து கற்றோம்? அரபு நாட்டிலிருந்து அன்று. அண்டை வீட்டிலிருந்து கற்றோம்.

மயிலாப்பூரின் பழைய அக்கிரகாரத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பயணம் புறப்படுகிறவர் எதிரே கைம்பெண் வந்துவிட்டால் சகுனத் தடை. அவர் திரும்பி வந்து, அமர்ந்து, தண்ணீர் பருகிவிட்டே மீண்டும் புறப்படுவார். பிறருடைய பயணத்துக்கே தடையானவள் தானே பயணம் போவது எங்ஙனம்? அந்த மயிலாப்பூரில் 1886இல் பிறந்து, பதினோரு வயதளவில் மணமாகி, மணமான சில நாட்களிலேயே கணவனை இழந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர் தந்தையார் அவரை மூலையில் அமர்த்தாமல் படிக்க வைத்தார். 1911இல் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற, அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அந்த வட்டக் கட்டடத்தில், இளங்கைம்பெண்களைக் கூட்டி வைத்துப் படிக்க வைத்தார். தியாகராய நகரில் இன்றும் நடக்கும் சாரதா வித்யாலயமும், மயிலாப்பூரில் 1956இல் தோன்றிய வித்யா மந்திரும் அவர் கைபட்டவை. அவர் காலத்து வைதிகர் எத்தனை ஏசினார்கள் என்பது வேறு கதை. ஆனால் ஏசியவர்களின் பேரப்பிள்ளைகள் அப்பள்ளிகளின் வாயிலில் இடத்துக்காக வரிசையில் நின்றார்கள்.

அந்த நாளில் நம்மவர்கள் மேடைதோறும் பெருமை பேசினார்கள். எங்கள் மார்க்கத்தில் மொட்டையில்லை, முக்காட்டுச் சிறையில்லை, விதவைக்கு மறுமணம் உண்டு, அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களே கணவரை இழந்தபின் நாயகத்தை மணந்தவர்கள் என்றெல்லாம் பேசினார்கள். அத்தனையும் உண்மை. அன்னை கதீஜா வாணிபம் நடத்தினார்கள். ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பினார்கள். ஒருவரைத் தேர்ந்து தாமே மணம் பேசினார்கள். ஆனால் பெருமை பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவின் மூலை சத்தமில்லாமல் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கருகமணியைக் கழற்றியவள் பல ஊர்களில் ஆயுள் முழுதும் வெள்ளைச் சேலைதான் உடுத்தினாள். நலங்கு வைக்கும்போது முன்னே வரமாட்டாள். தங்கை மகளின் நிக்காஹ் நடக்கையில் சமையற்கட்டின் பக்கமாக நின்று பார்ப்பாள். இவற்றுள் எதற்கு ஹதீஸ் இருக்கிறது? அண்டை வீட்டார் தங்கள் மூலையைப் பெரும்பாலும் காலி செய்துவிட்டார்கள். நாம் அதை வாடகைக்கு எடுத்து, அரபுப் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம்.

இனி மஹ்ரம் பற்றிப் பேச வேண்டும். பேசாமல் விட்டால் அஞ்சி ஒதுங்கினேன் என்பார்கள்.

மஹ்ரம் இல்லாமல் ஒரு பெண் பயணம் செய்யலாகாது என்னும் ஹதீஸ் ஆதாரபூர்வமானது. ஓர் அறிவிப்பில் ஒரு நாள் தொலைவு என்றும், இன்னொன்றில் இரு நாள் என்றும், பிறிதொன்றில் மூன்று நாள் என்றும் வந்திருக்கிறது. இமாம்கள் இதை எவ்வாறு விளங்கினார்கள்? ஹனஃபி மத்ஹபில் தொலைப்பயணத்துக்கு மஹ்ரம் கட்டாயம். ஷாஃபி மத்ஹபில் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்களின் கூட்டம் போதும். கடமையல்லாத பயணம் பற்றி அந்த மத்ஹபின் அறிஞர்களுக்குள்ளேயே வெவ்வேறு கருத்துகள் உண்டு. தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள். தம் மத்ஹபின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல், ஒலிநாடாவிலும் பின்னர்க் கைபேசியிலும் வந்த கடுஞ்சொல்லையே மார்க்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நூல்களில் இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் கடைசி ஹஜ்ஜின்போது, ஹிஜ்ரி 23இல், நபிகளாரின் துணைவியர் ஹஜ் செய்ய அனுமதித்தார்கள். வழித்துணையாக உஸ்மான் இப்னு அஃப்பான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகிய இருவரை அனுப்பினார்கள். சற்றே நின்று யோசியுங்கள். அந்தத் துணைவியர் அனைவரும் யார்? கணவரை இழந்தவர்கள். உலகம் கண்ட கணவர்களிலெல்லாம் சிறந்தவரை இழந்தவர்கள். மதீனாவிலிருந்து மக்காவுக்கு ஒட்டகத்தின் மேல் எத்தனையோ நாள் வழி. கூடப்போன இருவரும் அவர்களுக்கு உடன்பிறந்தவர்களோ பெற்ற பிள்ளைகளோ அல்லர்.

அவர்கள் நம்பிக்கையாளர்களின் அன்னையர், ஆகவே எல்லா ஆண்களும் அவர்களுக்கு மஹ்ரம்தான் என்று பழங்காலத்திலேயே மறுப்புரை எழுந்ததை நான் அறியாதவனல்லன். அவர்களை வேறு யாரும் மணக்கலாகாது என்பது அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம். திரைக்குப் பின்னால் நின்றே அவர்களிடம் எதையும் கேட்க வேண்டும் என்பதும் அதே வசனந்தான். மஹ்ரமுக்கும் அன்னைக்கும் இடையில் திரை எதற்கு? இதற்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசட்டும். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் நபிகளாரோடு ஹஜ் செய்தபின் இனிப் பயணமில்லை என்று வீட்டிலேயே தங்கினார்கள் என்றும் காண்கிறோம். போனவர்கள் போனார்கள், தங்கியவர்கள் தங்கினார்கள். தங்கியவர்களைக் காட்டிப் போனவர்களை யாரும் ஏசவில்லை.

பயணத் தடையின் நோக்கம் பெண்ணின் பாதுகாப்பே என்பதற்கு அதீ இப்னு ஹாதிம் (ரலி) அறிவிக்கும் செய்தி சான்று. ஹீராவிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, இறைவனைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் வந்து கஅபாவை வலம் வருவாள் என்று நபிகளார் அவரிடம் முன்னறிவித்தார்கள். அப்படி ஒரு பெண் வந்ததைத் தம் கண்ணாலேயே கண்டதாக அவர் பின்னாளில் சொன்னார். அந்தக் காட்சியை அவர்கள் நாட்டின் நல்வாழ்வுக்கு அடையாளமாக எடுத்துச் சொன்னார்கள்; சீரழிவுக்கு அன்று. அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் சிறந்த பெண்களின் பண்புகளை அடுக்கும்போது ‘ஸாஇஹாத்’ என்னும் சொல்லை ஆள்கிறது. நோன்பு நோற்போர் என்பது விரிவுரையாளர் பலர் கொள்ளும் பொருள். ஹிஜ்ரத் செய்து புறப்பட்டோர் என்றும் சிலர் கொண்டனர். மூலச்சொல்லோ நிலத்தில் திரிந்து செல்வதைக் குறிக்கும் சொல். அதற்கு அடுத்த சொல்லே ‘ஸய்யிபாத்’, அதாவது முன்பு மணமாகி இருந்தவர்கள். இந்த இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கும் அழகை எடுத்துச் சொன்ன பயான் ஒன்றையும் நான் இதுவரை கேட்டதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. மயிலாப்பூரிலிருந்து கோவளம் தர்காவுக்குப் போகிறவர் கஸ்ரு தொழலாமா என்று கேட்டுப் பாருங்கள். கூடாது, தூரம் போதாது, இது பயணமே அன்று என்பார் இமாம். சரியான விடை. மாமல்லபுரம் போனாலும் அதே விடைதான். அதே வழியில் ஐம்பத்தெட்டு வயது விதவை ஒருத்தி தனியே பேருந்தில் போனால் மட்டும் அது எப்படியோ பயணமாகிவிடுகிறது!

ஆயினும் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது ஃபிக்ஹு பற்றியதன்று. சட்டத்தைக் காட்டுகிறவர்களின் உள்ளத்தில் இருப்பது சட்டம்தானா என்பதே என் ஐயம்.

அடையாற்றில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தாய்மார்களைப் பாருங்கள். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். மகளுக்குப் பேறுகாலம் என்றால் அத்தா மௌத்தான ஆறாம் மாதமே உம்மாவுக்கு விமானச் சீட்டு வந்துவிடும். பேறுகால மருந்துப் பொடியும் கருப்பட்டியும் பெட்டியில் ஏறும். ஆங்கிலம் தெரியாத அந்த அம்மையார், குடிவரவு அதிகாரியிடம் காட்டுவதற்காக ஒரு தாளில் மகன் எழுதிக் கொடுத்த விடைகளோடு, ஏழு கடல் தாண்டி, நடுவழியில் ஒரு விமானம் மாறி, இருபது மணி நேரத்துக்கு மேல் தன்னந்தனியாகப் பறக்கிறார். எந்த மஹ்ரம் கூடப் போனார்? எந்த ஆலிம் தடுத்தார்? எந்த ஜமாஅத் கூடிப் பேசிற்று? ஊரார் வந்து ‘துஆச் செய்யுங்கம்மா’ என்று வழியனுப்புகிறார்கள். ஆறு மாதம் குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, துணி மடித்து வைத்துவிட்டு, அதேபோல் தனியே திரும்பி வருகிறார். அப்போது வராத ஃபித்னா, அவர் ‘நான் கொடைக்கானலை ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டுமா’ என்று கேட்டவுடன் வந்துவிடுகிறது.

தியாகராய நகரிலும் இதே கதை. பேத்திக்குப் பட்டுப் பாவாடை எடுக்கப் பெருநாள் கூட்டத்தில் உஸ்மான் சாலையில் அவர் இடிபடலாம். அந்தச் சாலைக்கும் அதனருகே உள்ள ஹபீபுல்லா சாலைக்கும் பெயர் தந்தவர்கள் நம்மவர்கள் என்று மகிழ்ந்தபடியே நடக்கலாம். மாம்பலம் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் மூட்டையோடு ஏறி இறங்கலாம். பிறருக்காக அவர் எங்கும் போகலாம். தமக்காக எங்கும் போகக் கூடாது. தடை பயணத்தின் மேல் இல்லை. அந்தப் பயணத்தில் அவருக்கென்று ஒரு மகிழ்ச்சி இருப்பதன் மேல்தான் தடை. இதை ஒப்புக்கொள்ளும் நேர்மை நமக்கு இல்லாததால் ஹதீஸை முன்னே நிறுத்தி அதன் பின்னே ஒளிந்துகொள்கிறோம். நாயகத்தின் வாக்கைத் திரைச்சீலையாக்குவது எத்தகைய பாவம் என்பதை ஆலிம்களே சொல்லட்டும்.

மனைவியை இழந்த ஆணின் நிலையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிவதற்குள் உறவினர் பெண் பார்க்கத் தொடங்குகிறார்கள். அவர் மனம் மாறட்டும் என்று நண்பர்கள் அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அவர் மனத்துக்கு மாற்றம் வேண்டும். அவள் மனத்துக்கு மூலை போதும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் கச்சேரி சாலையை அடுத்த சந்து ஒன்றில் வாழ்கிறார். முப்பத்திரண்டு ஆண்டு இல்லறம். கணவர் ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்கு எழவில்லை. இத்தா முடிந்தது. அதன் பிறகும் ஏழெட்டு மாதம் அவர் வாயிற்படி தாண்டவில்லை. ‘அவர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறதே, அது நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்’ என்று பின்னாளில் என் மனைவியிடம் சொன்னார். சென்னையில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? அவருடைய முதற்பயணம் அதில்தான். ஒரு மாலை அஸருத் தொழுதுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், அடையாறு பாலத்தைக் கடந்து பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போனார். ஒரு மணி நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஃரிபுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் பயணம். வீட்டுக்கு வந்தபோது பசித்தது என்றார். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக.

பிறகு கோவளம். பிறகு ஓர் இரவு எழும்பூரில் காரைக்கால் வண்டி ஏறி நாகூர். மூன்று நாள் தங்கினார். நாகூர் தர்கா பற்றி நம் வாசகர்களுக்குள் இரு கருத்து உண்டென்பதை நான் அறிவேன். அந்த வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஜியாரத்தைக் கண்டித்தவர்கள் கொள்கையால் கண்டித்தார்கள். ஆனால் தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கு, அதிலும் ஆதரவற்றவளுக்கு, வீட்டை விட்டு வெளியே போவதற்கு நூற்றாண்டுகளாக இருந்த ஒரே சாலை அது. அந்தச் சாலையை மூடியவர்கள் மாற்றுச் சாலை எதையும் திறந்துவிடவில்லை.

அங்கே தர்கா முற்றத்தில் ஓர் அயலூர்க்காரி அவரிடம் ‘என்னம்மா, ஒத்தையாவா வந்தீங்க?’ என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், ‘நானும் ஒத்தைதான்’ என்று அருகே அமர்ந்து, இரவு வெகுநேரம் தம் கதையைச் சொன்னாராம். சென்னையில் ஓராண்டாக எல்லோரும் அம்மையாருக்கு ஆறுதல் சொன்னார்கள். ஸப்ர் செய்யுங்கள் என்றார்கள். நாகூரில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவரவர் துன்பத்தைச் சொன்னார்கள். அதுதான் தமக்கு ஆறுதலாக இருந்தது என்கிறார். வீட்டில் அவர் இன்னாரின் விதவை, இன்னாரின் தாய். அந்த முற்றத்தில் அவர் கேட்கத் தெரிந்த ஒரு மனுஷி.

பிள்ளைகள் நாகூரைப் பொறுத்துக்கொண்டார்கள். அடுத்து நீலகிரி விரைவு வண்டியில் மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலில் உதகைக்கு ஏற வேண்டும் என்றதும் மூத்த மகன் வெகுண்டுவிட்டார். ‘உம்மா, நாகூருக்குப் போனீங்க, ஜியாரத்துன்னு விட்டோம். ஊட்டிக்கு எதுக்கு? நாங்க இருக்கும்போது நீங்க தனியாப் போனா ஊர் என்ன பேசும்?’ என்றார். கேட்டீர்களா? மஹ்ரம் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘எதுக்கு?’ என்பதுதான் அவருடைய ஆட்சேபம். அம்மையார் சொன்ன விடை: ‘உங்க அத்தா ஓய்வு பெற்றதும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க. அவங்க சொன்ன சொல்லை நான் முடிச்சு வைக்கிறேன்.’ போனார். மலை ரயிலின் சன்னலோரம் அமர்ந்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தில் கைப்பையை வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம்.

துயரம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தீரவில்லை. நாற்காலி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இப்போது அதில் அவரே உட்காருகிறார்.

இதனாலேயே பயணத்தை மருந்தாக விற்கிற கூட்டத்தின் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை. மனக்காயம் ஆற ஏழு நாள், ஆறு இரவு, உணவு உட்பட இவ்வளவு தொகை என்று விளம்பரம் செய்கிறார்கள். கைம்மையை நோயாக்கி அதற்குச் சீட்டு எழுதுவதும் ஒரு வகை மூலைதான். சன்னல் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. போகிறவள் குணமாவதற்காகப் போக வேண்டியதில்லை. அழுதுகொண்டே போகலாம், அழுதுகொண்டே திரும்பலாம். போவதற்குக் காரணம் கேட்கும் உரிமை ஆலிமுக்கு இல்லாதது போலவே விளம்பரக்காரருக்கும் இல்லை.

நம் மரபில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் 1844இல் கணவரை இழந்தவர். அவர் தாயார் குத்ஸியா பேகமோ இளவயதிலேயே கைம்மை எய்தியவர். தாயும் மகளுமாகிய இந்த இரு விதவைகளும் 1863இன் இறுதியில் பெரும் பரிவாரத்தோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். சிக்கந்தர் பேகம் தாம் கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். ஜித்தாவின் சுங்கத் தொல்லையையும் ஆட்சிச் சீர்கேட்டையும் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார். 1870இல் அது ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. அவர் அரசி, அவருக்கு எல்லாம் கூடும் என்பீர்கள். சரி, அரசியல்லாதவரைச் சொல்கிறேன். நம் அரசு 2018 முதல் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் இன்றி நால்வராகச் சேர்ந்து ஹஜ்ஜுக்குப் போக வழி செய்தது. ஹஜ்ஜுக்கு வரும் பெண்ணுக்கு மஹ்ரம் கட்டாயமில்லை என்று ஸஊதி அமைச்சரே 2022இல் அறிவித்தார். 2023இல் இந்தியாவிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கேரளத்துப் பெண்கள். கஅபாவுக்கே மஹ்ரமின்றிப் போய்வந்தவளை, திரும்பி வந்தபின் மாமல்லபுரத்துக்குப் போகாதே என்று எந்த முகத்தோடு தடுப்பது?

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்களோடு மட்டும் நான் பொறுமையாகப் பேச விரும்புகிறேன். அவர்களின் அச்சம் பொய்யன்று. நாளேடுகளைப் பார்க்கிறோம். ஆனால் அச்சமுள்ள சாலையில் பெண்ணைத் தடுப்பது எளிது. சாலையைச் சீர்செய்வது கடினம். எளிதானதைச் செய்துவிட்டுக் கடினமானதைச் செய்ததாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம். தனியே வரும் பெண்ணுக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? தனியே வந்தவள் என்று தெரிந்தால் அறை இல்லை என்று கைவிரிக்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. நெடுவழியில் லுஹர் நேரம் வந்தால் ஆண் எந்தப் பள்ளிவாசலிலும் நுழைந்து ஒளூச் செய்து தொழுதுவிட்டு, நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போகலாம். பெண் பேருந்து நிலையத்தின் கழிப்பறையைத் தேடி அலைகிறாள். மஹ்ரமின்றிப் பயணம் கூடாது என்று சொல்லும் அதே பள்ளிவாசல், வாசலில் வந்து நிற்கும் பயணிப் பெண்ணுக்குத் தண்ணீர்க் குழாயைக்கூடக் காட்டுவதில்லை. இப்னுஸ் ஸபீல், வழிப்போக்கர், ஸகாத்தில் பங்குள்ளவர் என்று இறைமறை சொல்கிறதே, அவர் ஆண் என்று யார் முடிவு கட்டியது?

தமிழகம் எங்கும் நம் ஜமாஅத்துகள் திருமண மண்டபங்கள் கட்டியிருக்கின்றன. முகூர்த்தமில்லாத நாட்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. மணமகள் அறை என்று ஒன்று ஒவ்வொன்றிலும் உண்டு. கட்டிலும் கண்ணாடியும் குளியலறையும் உண்டு. நாகூரிலும் கீழக்கரையிலும் ஆம்பூரிலும் மேட்டுப்பாளையத்திலும், இந்தச் சென்னையிலும், அந்த ஓர் அறையைத் தனியே வரும் பெண்ணுக்கென்று ஒதுக்க ஒரு தீர்மானம் போதும். இதற்கு ஃபத்வா வேண்டாம், நன்கொடை வசூல் வேண்டாம், கட்டட நிதி வேண்டாம். அறையின் சாவி மட்டும் ஒரு பெண்ணின் கையில் இருக்க வேண்டும். வந்து நிற்பவளிடம் ‘கூட யார் வந்திருக்கிறார்கள்?’ என்று கேட்காத பெண்ணாக அவர் இருக்க வேண்டும்.